கையால் பேசின புறணி

என் வாய் சும்மா இருக்காது. இதை மொதல்லயே சொல்லிடுறது நல்லது. பஸ்ல பக்கத்துல யார் வந்து உக்காந்தாலும், எறங்குறதுக்குள்ள அவங்க மாமியார் வீட்டுச் சண்டை வரைக்கும் தெரிஞ்சுக்குவேன். கிளினிக்ல நர்ஸு என் நம்பரைக் கூப்பிட்டாக்கூட, "கொஞ்சம் இரு மிஸ்ஸி, இந்தம்மா கதை பாதியில நிக்குது"ன்னு சொல்ற ஆளு நான். என் வீட்டுக்காரர் லோரி ஓட்டுறவர். நாளைக்குப் பத்து வார்த்தை பேசினா அதிகம். ஏன்னு யாராச்சும் கேட்டா, "ரெண்டு பேருக்கும் சேர்த்து அவளே பேசிடுறா, எனக்கு எதுக்கு வீண் வேலை?"ம்பார்.

இப்படிப்பட்ட எனக்கு ஆண்டவன் குடுத்த வேலையைப் பாருங்க. லாபு பக்கத்துல ஒரு செம்பனைத் தோட்டத்துல மருந்து அடிக்கிற வேலை. இருபத்திரண்டு வருஷமாச்சு. விடிகாலையில ஆள் கணக்கு எடுக்கிற பெரட்டுக் களத்துல பேர் குடுத்துட்டு, முதுகுல பம்பை மாட்டி, மூஞ்சிக்கு மாஸ்க், கண்ணுக்குக் கண்ணாடி, கைக்கு ரப்பர் உறை எல்லாம் போட்டோம்னா, மத்தியானம் வரைக்கும் வாய்க்குப் பூட்டு. புல்லுக்கு அடிக்கிற மருந்து அது. வாயைத் திறந்தா உள்ள போயிடும். வேலைக்குச் சேர்ந்த மொத வாரம் எனக்கு அழுகையே வந்துருச்சு. மருந்து நாத்தத்துக்கு இல்ல, பம்பு கனத்துக்கும் இல்ல. பேச முடியலையேன்னு அழுதேன்.

ஆனா நாங்க மொத்தம் ஆறு பொம்பளைங்க. ஆறு பொம்பளைங்க ஆறு மணி நேரம் பேசாம இருப்போமா? கை எதுக்கு இருக்கு?

பம்பு அடிக்கிற கையை ஒரு நொடி விட்டா போதும், சொல்ல வேண்டியதைச் சொல்லிடலாம். உச்சந்தலையில உள்ளங்கையை வச்சா, தொப்பிக்காரர் வர்றார், அதாவது மேனேஜர் வர்றார்னு அர்த்தம். மூக்கை ரெண்டு தட்டு தட்டினா, காத்து திரும்பிடுச்சு, நீயும் திரும்புன்னு அர்த்தம். தொடையில ஒரே அடி அடிச்சா, நில்லு, பாம்பு. உள்ளங்கையைக் கவுத்துப் பிடிச்சு ரெண்டு உதறு உதறினா பம்பு காலி. இதெல்லாம் வேலைக்கு. போகப் போக எங்க சொந்த உபயோகத்துக்கும் அர்த்தம் ஏறிடுச்சு. யாரையாவது தாடையால காட்டிட்டு பம்பு காலின்னு உதறினா, ஆளும் காலி, உள்ள சரக்கு ஒண்ணுமில்லன்னு அர்த்தம். கன்னத்துல ஒத்தை விரலை மேல இருந்து கீழ இழுத்தா, பாவம், அழுதே தீரணும்னு அர்த்தம். இப்படி ஒரு அறுபது எழுபது சைகை இருக்கும். யார் ஆரம்பிச்சதுன்னு யாருக்கும் தெரியாது.

சைகையைக்கூட விடுங்க. நாலு நிரை தள்ளி நடக்குறவளோட முதுகைப் பார்த்தே அவ வீட்ல என்ன நடந்துச்சுன்னு சொல்லிடுவேன். பம்பை வெடுக்கு வெடுக்குன்னு அடிச்சா புருஷன்கூடச் சண்டை. அடிக்கிறதும் நிறுத்துறதுமா இருந்தா பிள்ளைக்குக் காய்ச்சல், மனசு வீட்ல இருக்கு. பம்பு நிறைஞ்சிருக்கும்போதே காலை வீசி நடந்தா, வீட்ல ஏதோ நல்லது நடந்திருக்கு. ஒரு தடவை ஒருத்தி நடந்து வர்றதைப் பார்த்து, "முழுகாம இருக்கியா?"ன்னு கையால கேட்டேன். அவளுக்கே அப்ப தெரியாது. அடுத்த வாரம் கிளினிக்குக்குப் போயிட்டு வந்து, "நீ பேயா பிசாசா லா?"ன்னு கேட்டா. எனக்கு அன்னைக்குத் தலை கால் புரியல. ஆளைப் படிக்கிறதுல என்னை மிஞ்ச ஆளில்லன்னு ஒரு திமிர் அப்பவே வந்துருச்சு.

எங்களை வேலை வாங்குற மண்டோர் எதுர்ல நின்னுக்கிட்டே மண்டோரைப் பத்திப் பேசுவோம். கொசு விரட்டுறோம்னு நெனச்சுக்குவார் மனுஷன். கோயில்ல, கல்யாண மண்டபத்துல, டவுன் பஸ்லன்னு எங்க போனாலும் கை வேலை நடக்கும். "அந்தச் சேலை அக்காவோடது, இரவல்", "இந்த மாப்பிள்ளைக்குப் பொண்ணைப் பிடிக்கல"ன்னு சாமி கும்பிடுற கையோட சொல்லிட்டுப் போயிடுவோம். யாருக்கும் புரியாதுங்கிற தைரியம். அந்த தைரியம்தான் என்னைக் கவுத்துச்சு.

எனக்கு ஒரே மகன். நீலாய்ல ஒரு ஃபேக்டரியில மிஷின் பார்க்கிறான். ஒரு நாள் சாயங்காலம் சாப்பிட்டு முடிச்சவன், எழுந்து போய்த் தன் தட்டைத் தானே கழுவி வச்சான். எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. பொறந்ததிலிருந்து தட்டைக் கழுவாத பிள்ளை.

"யாருடா பொண்ணு?"ன்னு கேட்டேன்.

திரும்பாமலே, "லோபாக் ஊருப் பொண்ணும்மா. என் ஃபேக்டரியிலதான் வேலை. செஞ்ச சாமானைச் சரி பார்க்கிற எடத்துல இருக்கா"ன்னான்.

"நம்ம தமிழ்ப் பொண்ணுதானே? அப்புறம் எதுக்குடா தட்டைக் கழுவுற?"

"அவளுக்குக் காது கேக்காதும்மா. பேசவும் மாட்டா. கையாலதான் பேசுவா. நானும் ரெண்டு வருஷமாக் கத்துக்கிட்டேன்."

நான் நல்லவ மாதிரி எழுதிட்டுப் போகலாம். ஆனா உண்மை அது இல்ல. எனக்கு வருத்தம்தான் வந்துச்சு. அந்தப் பொண்ணுக்காக இல்ல, எனக்காக. பொம்பளைப் பிள்ளை இல்லாத வீடு. மருமக வருவா, அவகிட்டப் பேசலாம்னு எத்தனை வருஷத்துப் பேச்சைச் சேர்த்து வச்சிருக்கேன்! சண்டை போடணும்னாலும் அவ திருப்பிப் பேசினாத்தானே லா சண்டை? அன்னைக்கு அடுப்படியில உக்காந்து அழுதேன். என் வீட்டுக்காரர் வந்து எட்டிப் பார்த்துட்டு, "சத்தமில்லாத பொண்ணா? எனக்கு இப்பவே பிடிச்சிருக்கு"ன்னு சொல்லிட்டுப் போயிட்டார். கையில இருந்த கரண்டியை எறிஞ்சேன், படல.

அடுத்த மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை பொண்ணு வீட்ல இருந்து எங்க வீட்டைப் பார்க்க வந்தாங்க. அப்பா, அம்மா, கூடவே பொண்ணும். ஒத்தாசைக்கு அடுத்த வீட்டு லிங்கி அக்காவைக் கூப்பிட்டிருந்தேன். லிங்கியில பொறந்து இங்க வாக்கப்பட்டதால அவங்களுக்கு அந்தப் பேர். மருந்து அடிக்கிற கூட்டத்துல எனக்கும் முன்னாடியே சேர்ந்தவங்க. வடை சுடுறதுலயும் புறணி பேசுறதுலயும் எனக்கு வலது கை.

பொண்ணு மெலிசு. நீலப் பஞ்சாபி சூட். கண்ணு மட்டும் ஒரு எடத்துல நிக்கல. சுவரைப் பார்த்துச்சு, ஜன்னலைப் பார்த்துச்சு, என் காலைப் பார்த்துச்சு, என் கையைப் பார்த்துச்சு, யார் வாய் அசைஞ்சாலும் அங்க போச்சு. நான் அதைக் கூச்சம்னு நெனச்சேன். இருபத்திரண்டு வருஷம் ஆளைப் படிச்ச மேதாவி இல்ல நான்!

சரி, வந்த பொண்ணுகிட்டப் பேசணுமேன்னு கிட்டப் போய், மூஞ்சிக்கு நேரா, "சாப்... பிடு... மாஆஆ"ன்னு கத்தினேன். பக்கத்து வீட்டுக் கோழி ஓடுச்சு. பொண்ணு மரியாதையாச் சிரிச்சுட்டு, கத்தின வேகத்துல தெறிச்சதை மெதுவாத் தொடச்சுக்கிச்சு. அதோட நான் விட்டுட்டேன். என் வீட்டுக்காரர் வடைத் தட்டை அந்தப் பக்கம் தள்ளினார். அது சட்னியை இந்தப் பக்கம் தள்ளுச்சு. அவர் டீயைத் தூக்கிக் காட்டினார். அது வேணும்னு தலையாட்டுச்சு. ரெண்டு பேரும் ஏதோ பத்து வருஷம் பழகினவங்க மாதிரி சாப்பிட ஆரம்பிச்சாங்க. பொண்ணைப் பத்தி நான் எதைக் கேட்டாலும் அதோட அம்மாவே பதில் சொல்லிட்டு இருந்தாங்க. "அவளுக்கு இது பிடிக்காது, அவ அங்கெல்லாம் போக மாட்டா"ன்னு. பொண்ணு சும்மா உக்காந்திருந்துச்சு.

அப்பத்தான் நடந்தது. விருந்தாளிங்களுக்குப் பின்னாடி, அடுப்படி வாசல்ல நின்ன லிங்கி அக்கா என்னைப் பார்த்துப் புருவத்தைத் தூக்கினாங்க. எப்படிப் பொண்ணுன்னு கேள்வி. என் கை என்னைக் கேக்கவே இல்ல. பழக்க தோஷம். தாடையால பொண்ணைக் காட்டினேன், உள்ளங்கையைக் கவுத்து ரெண்டு உதறு உதறினேன். தாடையால மகனைக் காட்டினேன், கன்னத்துல விரலை இழுத்தேன். பொண்ணு காலி, என் பிள்ளை பாவம். ரெண்டே நொடி. லிங்கி அக்கா வாயைப் பொத்திக்கிட்டுத் தோள் குலுங்கச் சிரிச்சாங்க.

பொண்ணு திரும்பி லிங்கி அக்காவை ஒரு பார்வை பார்த்துட்டு, டீ கிளாசைக் கீழ வச்சுது. என்னை நேராப் பார்த்துச்சு. அப்புறம் தாடையால தன்னையே காட்டிக்கிட்டு, உள்ளங்கையைக் கவுத்து ரெண்டு உதறு. தாடையால என் மகனைக் காட்டி, கன்னத்துல ஒத்தை விரல். அச்சு அசல் நான்தான். தாடையை இடது பக்கமா இழுக்கிற என் கோணல்கூட இருந்துச்சு. அதோட விடல. திரும்பி உக்காந்து லிங்கி அக்காவைப் பார்த்து, வாயைப் பொத்திக்கிட்டுத் தோளைக் குலுக்கிக் காட்டுச்சு. மறுபடி என் பக்கம் திரும்பிப் புருவத்தைத் தூக்குச்சு. சரிதானேன்னு கேக்குது!

ஐயோ! நாக்கைப் பிடுங்கிக்கலாம்னா நாக்கு செஞ்ச தப்பு இல்ல அது. காது கேக்காத பொண்ணு முன்னாடி வாயால பேசியிருந்தாக்கூட ஒருவேளை தப்பிச்சிருப்பேன். பொறந்ததிலிருந்து கையைப் பார்த்தே வளர்ந்த பொண்ணு முன்னாடி கையால புறணி பேசியிருக்கேன். உலகத்துல வேற எந்த முட்டாளாவது இதைச் செய்வாளா? எங்க கூட்டத்து ஆறு பேரைத் தவிர வேற யாருக்கும் இந்தக் கூத்து வாய்ச்சிருக்காது.

பொண்ணோட அப்பா அம்மாவுக்கு ஒண்ணும் புரியல. "என்னா, என்னா ஆச்சு?"ன்னு மாத்தி மாத்தி எங்களைப் பார்த்தாங்க. என் மகனுக்கு நல்லாவே புரிஞ்சுச்சு. அந்தச் சைகையெல்லாம் பார்த்து வளர்ந்த பிள்ளை. அவன் மூஞ்சி செத்துப் போச்சு. பொண்ணு எழுந்து, என் வீட்டுக்காரருக்கு மட்டும் தலையைச் சாய்ச்சு நன்றி காட்டிட்டு, வெளியில போய்க் கார்ல உக்காந்துக்கிச்சு.

அவங்களை அனுப்பிட்டு வந்த மகன், வாசல்லயே நின்னான்.

"அடுத்த ஞாயித்துக்கிழமை பதில் சொல்றேன்னு சொல்லியிருக்காம்மா. ரெண்டு வருஷமா என் கூடப் பழகுறவ, உங்களைப் பார்த்துட்டுத்தான் சரின்னு சொல்வேன்னு இருந்தா. அவ வேணாம்னு சொல்லிட்டா, அவளை விட்டுட்டு வேற பொண்ணு பாருன்னு மட்டும் என்கிட்ட வராதீங்க."

கத்தியிருந்தான்னா நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன். அவன் மெதுவாத்தான் சொன்னான். அந்த வாரம் முழுக்க வெளியிலயே சாப்பிட்டுட்டு வந்தான். வீட்ல பேசாத ஆம்பளை ரெண்டாச்சு.

புதன்கிழமை நாங்க மேட்டுக் காட்டுல அடிச்சிட்டு இருந்தோம். மாஸ்க்குக்குள்ள என் மூச்சுச் சத்தம் மட்டும் எனக்குக் கேக்குது. மூக்கைத் தட்டி லிங்கி அக்காவைத் திரும்பச் சொன்னேன். அவங்க திரும்பினாங்க. அப்பதான் மண்டையில அடிச்ச மாதிரி உறைச்சுச்சு. அடிப்பாவி, உனக்குத்தான் கையால பேசத் தெரியுமே! அந்தப் பொண்ணு வீட்டுக்கு வந்து ஒரு மணி நேரம் உக்காந்திருந்துச்சு. வா, உக்காரு, நல்லா இருக்கியா, இந்த வடை நான் சுட்டதுன்னு கையால சொல்லியிருக்கலாம். சத்தியமாப் புரிஞ்சிருக்கும். அதுக்கு வாயைத் திறந்து எச்சில் தெறிக்கக் கத்தினேன். கையை எதுக்கு எடுத்தேன்? கெட்டது பேச மட்டும் எடுத்தேன். பம்பை எறக்கி வச்சுட்டு மரத்தடியில உக்காந்துட்டேன். பாம்போன்னு அஞ்சு பேரும் ஓடி வந்தாங்க. ஒரே வெக்கமா இருந்துச்சு எனக்கு.

மன்னிப்புக் கேக்கணும். சரி, எப்படிக் கேக்கிறது? வாயாலயே நான் யார்கிட்டயும் கேட்டதில்ல. எங்க கை மொழியில தேடினா அதுக்கு ஒரு சைகையே கிடையாது. அறுபது எழுபது சைகை வச்சிருக்கோம். மேனேஜருக்கு இருக்கு, பாம்புக்கு இருக்கு, இரவல் சேலைக்கு இருக்கு, மன்னிப்புக்கு இல்ல! ஆறு பொம்பளைங்களும் இத்தனை வருஷத்துல ஒருத்திகிட்ட ஒருத்தி கேட்டதே இல்ல போல. மகன்கிட்டக் கேட்டேன், "நீ கத்துக்கிட்டதுல மன்னிப்புக்கு எப்படிப்பா கையைக் காட்டணும்?"னு. "நான் சொல்லிக் குடுத்து நீங்க செஞ்சா அது நான் கேட்ட மாதிரிதான்மா இருக்கும். நீங்களே பார்த்துக்குங்க"ன்னுட்டான். கோவம் வந்துச்சு எனக்கு. ஆனா அவன் சொன்னது சரி.

"கால்ல விழுந்துடு"ன்னாங்க லிங்கி அக்கா.

"வயசுல சின்னப் பொண்ணு கால்ல நான் விழுந்தா அதுக்குத்தான் பாவம். அதுவும் பயந்துடும்."

"அப்பன்னா பழம் வாங்கிட்டுப் போ."

"பழம் மன்னிப்புக் கேக்குமா?"

"எனக்கென்னா தெரியும் லா! பேசினது நீ, என்னை ஏன் போட்டு அறுக்குற?"

ஞாயித்துக்கிழமை லோபாக் போனோம். நான், வீட்டுக்காரர், மகன், லிங்கி அக்கா. பழமும் வாங்கினோம், இருக்கட்டும்னு. மாடி வீடு, கூடத்துல பெரிய ஜன்னல். பொண்ணு நாற்காலியில கையைக் கட்டிக்கிட்டு உக்காந்திருந்துச்சு. கால் ரெண்டும் உள் ரூம் பக்கம் திரும்பி இருந்துச்சு. எப்ப வேணும்னாலும் எழுந்து போயிடுவேன்னு சொல்ற கால். ஆனா தலையில மல்லிகைப்பூ இருந்துச்சு. வேணாம்னு சொல்லப் போறவ பூ வச்சிருப்பாளா? ஒரு நிமிஷம் மனசு குளுந்துச்சு. அடுத்த நிமிஷமே, போன வாரம் நீ படிச்ச லட்சணம் தெரியாதாக்கும்னு என்னையே அடக்கிக்கிட்டேன்.

அதோட அம்மா டீயைக் கொண்டு வந்து வச்சுட்டு, "அவளுக்கு மனசுல ஒண்ணும் இல்லைங்க, அவ அதையெல்லாம் பெருசா எடுத்துக்க மாட்டா"ன்னு ஆரம்பிச்சாங்க.

"அக்கா, கோவிச்சுக்காதீங்க"ன்னேன். "நான் அதுகிட்டப் பேச வந்தேன். அதுவே சொல்லட்டும்."

எழுந்தேன். மருந்து அடிக்கிறவளுக்கு ஒண்ணு நல்லாத் தெரியும். தூரத்துல இருக்கிற ஆளுக்குச் சேதி போகணும்னா, வெளிச்சம் நம்ம கையில படுற எடமாப் பார்த்து நிக்கணும். காலை ஊனணும். பயந்து பயந்து சின்னதாக் கையை ஆட்டினா எதிர்ல இருக்கிறவளுக்கு ஒண்ணும் போய்ச் சேராது. பெருசா, மெதுவா, ஆளைப் பார்த்துச் சொல்லணும். ஜன்னல் பக்கம் போய் நின்னேன். அந்தப் பொண்ணு கண்ணைப் பார்த்தேன். அதுவும் பார்த்துச்சு.

விரலை என் நெஞ்சுல வச்சேன். உள்ளங்கையைக் கவுத்து ரெண்டு உதறு உதறினேன். காலி நீ இல்ல, நான்.

பொண்ணு கையைக் கட்டினபடியே இருந்துச்சு. மூஞ்சியில ஒண்ணும் தெரியல. என்கிட்ட மிச்சம் சைகையும் இல்ல. கை ரெண்டும் அந்தரத்துல நிக்குது. எல்லாரும் என்னையே பார்க்கிறாங்க. என்ன செய்யிறதுன்னு தெரியாம நின்னப்ப, கை தானாப் போய் மாத்தி மாத்திக் காதைப் பிடிச்சுக்கிச்சு. இடது கை வலது காதை, வலது கை இடது காதை. பிள்ளையாருக்குப் போடுவோமே, அதே தோப்புக்கரணம். தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியில பாதி நாள் இதைத்தான் போட்டேன், வகுப்புல பேசினதுக்கு.

ஒண்ணு. ரெண்டு. மூணாவதுக்கு எறங்கினேன், முட்டி பிடிச்சுக்கிச்சு. மேலயும் வரல, கீழயும் போகல. காதை விட்டா மரியாதை இல்லன்னு பிடிச்சபடியே ஒரு ஆட்டம் ஆடி, தொப்புன்னு பின்பக்கம் உக்காந்தேன். டீ கிளாசெல்லாம் குலுங்குச்சு.

பொண்ணு சிரிச்சுச்சு. அப்பதான் அதோட குரலை மொத மொதல்ல கேட்டேன். நல்ல கனமான, கரகரப்பான சத்தம், அடக்கம் ஒடுக்கம் எதுவும் இல்லாத சிரிப்பு. அந்த மெலிசு உடம்புக்குள்ள அவ்வளவு சத்தம் எங்க இருந்துச்சோ! ஓடி வந்து என் அக்குள்ள கையைக் குடுத்துத் தூக்கப் பார்த்துச்சு. முடியல. அதுவும் என் பக்கத்துல தரையில உக்காந்துட்டு, மூணு விரலைக் காட்டி, போதாதுன்னு தலையாட்டி, பத்து விரலையும் விரிச்சுக் காட்டுச்சு. அப்புறம் நேரா லிங்கி அக்காவைக் கையைக் காட்டுச்சு.

"நான் எதுக்கு? பேசினது அவதானே!"ன்னு அலறினாங்க லிங்கி அக்கா.

பொண்ணு வாயைப் பொத்திக்கிட்டுத் தோளைக் குலுக்கிக் காட்டுச்சு. சிரிச்சது யாரு?

லிங்கி அக்கா கதவு நிலையில முதுகைச் சாய்ச்சுக்கிட்டு, ஒவ்வொரு தடவை எறங்கும்போதும் என்னைத் திட்டிக்கிட்டே, அஞ்சு போட்டாங்க. என் வீட்டுக்காரர் வயித்தைப் பிடிச்சுக்கிட்டுச் சிரிக்கிறார். பொண்ணோட அப்பா கண்ணைத் துடைச்சுக்கிட்டே எண்ணிக்கை சொல்றார். என் மகன் ஒரு வாரம் கழிச்சு அப்பதான் என்னைப் பார்த்துச் சிரிச்சான். அவ்வளவு சந்தோஷம் எனக்கு, முட்டி வலிகூடத் தெரியல.

எல்லாரும் அடங்கினப்புறம் பொண்ணு போனை எடுத்துச்சு. விடுதியில தங்கி மலாய்லயே படிச்ச பொண்ணு. தமிழ் எழுத வராது. என் பக்கத்துல தரையில உக்காந்தபடியே ரொம்ப நேரம் தட்டுச்சு. தட்டி முடிச்சு என் கையில குடுத்துச்சு. என்னா எழுதியிருக்குன்னு எல்லாரும் கேட்டதால, நான் ஒவ்வொரு வரியாத் தமிழ்ல மாத்தி உரக்கச் சொன்னேன்.

"வீட்ல எல்லாரும் சிரிப்பாங்க. எதுக்குன்னு கேட்டா ஒண்ணுமில்லன்னு கையைக் காட்டுவாங்க. இல்லன்னா அப்புறம் சொல்றேம்பாங்க. அந்த அப்புறம் வந்ததே இல்ல."

அங்கயே நிறுத்தியிருக்கணும். பொண்ணோட அம்மா சிரிப்பு பாதியில நின்னுபோச்சு. நான் போனைக் கீழ எறக்கினேன். பொண்ணு என் கையைத் தட்டி, படிங்கன்னு காட்டுச்சு. மெதுவாத்தான் படிச்சேன்.

"என்னைப் பத்தி எல்லாரும் பேசுவாங்கன்னு தெரியும். என்னா பேசுறாங்கன்னு தெரியாது. அத்தை, நீங்க பேசினதுதான் எனக்கு நேரா, முழுசாப் புரிஞ்ச மொத புறணி. ரொம்பக் கோவம் வந்துச்சு. ஆனா கார்ல போகும்போது யோசிச்சேன். உங்க வீட்ல நல்லதோ கெட்டதோ, எனக்குத் தெரியாம எதுவும் நடக்காது. அன்னைக்கே சரின்னு முடிவு பண்ணிட்டேன். ஒரு வாரம் உங்களைத் தவிக்க விட்டது வேணும்னேதான்."

அத்தைன்னு மட்டும் தமிழ்லயே, இங்கிலீஷ் எழுத்துல போட்டிருந்த எடத்தை ரெண்டு தடவை படிச்சேன். என் மகன் தரையில உக்காந்து அந்தப் பொண்ணு கையைப் பிடிச்சுக்கிட்டான்.

அதோட அம்மா எழுந்து வந்தாங்க. மகளுக்கு எதுர்ல, மகள் மூஞ்சி தெரியுற மாதிரி உக்காந்தாங்க. அவங்களுக்குக் கையால பேசத் தெரியாது. சாப்பிடு, வா, போ, தூங்கு, இவ்வளவுதான் அவங்க கைக்கு வரும். இப்ப என்னை விரலால காட்டினாங்க. ரெண்டு காதையும் பிடிச்சுக்கிட்டாங்க. உக்காந்தபடியே எறங்கி ஏறுற மாதிரி உடம்பை அசைச்சாங்க. கன்னத்தை உப்ப வச்சு, கையால தரையில ஒரு போடு போட்டு நான் விழுந்ததைக் காட்டினாங்க. அப்புறம் வாயைத் திறந்து சிரிச்சு, எங்க எல்லாரையும் ஒவ்வொருத்தராக் காட்டினாங்க. நாங்க எதுக்குச் சிரிச்சோம்னு மகளுக்குச் சொல்றாங்க. சொல்லும்போதே அவங்க கண்ணுல தண்ணி வழியுது.

எல்லாம் அது கண்ணு முன்னாடி நடந்ததுதான். எல்லாருக்கும் மொதல்ல சிரிச்சதே அதுதான். இருந்தாலும் அந்தப் பொண்ணு, குறுக்க ஒரு விரல்கூட ஆட்டாம, இப்பதான் கேள்விப்படுற மாதிரி, அவங்க அம்மா சொல்லி முடிக்கிற வரைக்கும் பார்த்துக்கிட்டே இருந்துச்சு.